மயக்க மருந்துக்குத் தொட்டால்சிணுங்கியும் மயங்கும்

ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்ததும் சொந்தக்காரர்கள் கேட்பது, "நினைவு வந்துடுச்சா?" என்றுதான். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையை 1949-இல் ஜேக்கப் சாண்டி தொடங்கியது வேலூர் சி.எம்.சி.யில். தினமும் எத்தனையோ பேருக்கு நினைவைப் போக்கி, திரும்ப வரவழைக்கிற ஊர் இது. ஆனால் போய் வருகிற அந்த நினைவு (ஞாபகசக்தி அல்ல, தன்னுணர்வு) என்னதான் என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை.

இதே மயக்கத்தைச் செடிக்கும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தொட்டால்சிணுங்கியைக் கண்ணாடிக் கூண்டில் வைத்து ஈதர் என்ற மயக்க மருந்தின் ஆவி காட்டினால், அப்புறம் எவ்வளவு தொட்டாலும் இலை மடங்காது. (வீட்டில் வேண்டாம், ஈதர் சட்டென்று தீப்பிடிக்கும்.) ஆவி விலகிய சில மணி நேரத்தில் பழையபடி சிணுங்கும். பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்ட் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைச் செய்து காட்டினார். நம்மை மயக்கும் மருந்து செடியையும் மயக்குகிறது என்றால், செடிக்கும் நினைவு உண்டு என்றுதானே அர்த்தம்?

அவசரப்பட வேண்டாம். இலைக்காம்பின் அடியில் சற்றே பருத்த மூட்டு ஒன்று இருக்கிறது. அதன் செல்களில் தண்ணீர் நிறைந்திருக்கும்வரை இலை விறைப்பாக நிற்கும். தொட்டதும் ஒரு மின்துடிப்பு கிளம்பி மூட்டுக்கு ஓடுகிறது. உடனே ஒரு பக்கத்துச் செல்கள் பொட்டாசியம், குளோரைடு அயனிகளை (மின்னூட்டம் கொண்ட அணுக்களை) வெளியே விட, பின்னாலேயே தண்ணீரும் போய்விடுகிறது. அந்தப் பக்கம் தொய்ந்து இலை சாய்கிறது. ஈதர் தடுப்பது செல் சவ்வில் நடக்கும் இந்த மின்வேலையை. நம் நரம்பு செல்லும் சவ்வு வழியே அயனிகளை விட்டுத்தான் சேதி அனுப்புகிறது. ஆக, இரண்டு பேருக்கும் மின்வேலை உண்டு என்பதைத்தான் இந்தச் சோதனை காட்டுகிறது.

மின்வேலை மட்டும் நினைவுக்குப் போதாது. மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பு செல்களில் ஐந்தில் நான்கு பங்கு சிறுமூளையில் இருக்கிறது. பிறவியிலேயே அது இல்லாத சிலருக்கு நடை தள்ளாடும், பேச்சு குழறும். நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். பெருமூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று முன்னும் பின்னுமாகச் சேதி பரிமாறிக்கொள்வதில்தான் நினைவு இருக்கிறது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆழ்ந்த மயக்கத்தில் அந்தப் பரிமாற்றம் குலைந்துபோகிறது. செடியில் அப்படிப்பட்ட வலைப்பின்னல் எதையும் யாரும் கண்டதில்லை. 2019-இல் தாவரவியல் அறிஞர் லிங்கன் டைஸ் குழுவினர், செடிகளுக்கு நினைவு இல்லை, அது தேவையுமில்லை என்றே எழுதினார்கள்.

எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. தாவர ஆய்வாளர் மோனிகா கலியானோ தொட்டால்சிணுங்கித் தொட்டிகளைத் திரும்பத் திரும்பக் கீழே விழவைத்தார். கொஞ்ச நேரத்தில் செடிகள் இலையை மூடுவதை விட்டுவிட்டன. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்தும் அந்தப் பழக்கம் மாறவில்லை என்று 2014-இல் வெளியிட்டார். அழகான சோதனைதான். ஆனாலும் பழகிக்கொள்வதற்கு உள்ளே ஓர் 'நான்' இருந்தாக வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

2006-இல், எதற்கும் அசையாமல் கிடந்த ஒரு பெண்ணிடம் டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார் மூளை ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன். ஸ்கேனில் அந்தப் பெண்ணின் மூளை, நலமாக உள்ளவர்களின் மூளை போலவே வேலை செய்தது. அவரிடம் கேட்க முடிந்தது, அதனால் தெரிந்தது. செடியிடம் அப்படிக் கேட்பதற்கு ஒரு வழியை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.