‘பழகிடுச்சு டாக்டர்’ என்கிற சிறைக் காவலர்களுக்கு

இந்த மாதம் என்னிடம் சிகிச்சைக்கு இன்னொருவர். மத்தியச் சிறையொன்றில் தலைமைக் காவலர், வயது நாற்பதைத் தாண்டியவர். தூக்கம் இல்லை, தொட்டதற்கெல்லாம் எரிச்சல், தினமும் குடி. மனைவிதான் இழுத்துக்கொண்டு வந்தார். பல மாதங்களுக்கு முன் இவர் பாராவில் இருந்த இரவில் ஒரு சிறைவாசி தற்கொலை செய்துகொண்டிருக்கிறார். முதலில் பார்த்தவரும் தூக்கிப் பிடித்தவரும் இவர். கேட்டால், “அதெல்லாம் பழகிடுச்சு டாக்டர்” என்கிறார். (ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இந்தப் ‘பழகிடுச்சு’வைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. உண்மையாகவே பழகிவிட்டால், அதைப் பற்றிப் பேச முடியும். பேசிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவும் முடியும். இவரால் அந்த மரணம் நடந்த பிளாக்கின் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. அங்கே டூட்டி போட்டால் யாரையாவது கெஞ்சி மாற்றிக்கொள்கிறார். பின்னால் இரும்புக் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடுகிறது. மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தபோது ஒன்றுமே தோன்றவில்லையாம். பல் பிடுங்க ஊசி போட்டால் உதடும் நாக்கும் சேர்ந்து மரத்துப்போகும் அல்லவா, அப்படித்தான். துக்கத்தை மட்டும் தனியாக மரக்கவைக்க மனதுக்குத் தெரியாது. அதைத்தான் ‘பழக்கம்’, ‘தைரியம்’, ‘சர்வீஸ் அனுபவம்’ என்று சீனியர்கள் தட்டிக்கொடுக்கிறார்கள். என் கணக்கில் அது நோய்க்குறி. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். பார்த்தால் பெரும்பாலும் குணமாகிறது என்பதால்தான் இவ்வளவு கோபம்.

உறவினர்களுக்கு இன்னொரு நினைப்பு: இவரும் போலீஸ்தானே, என்ன கஷ்டம்? போலீஸ்காரர் கைதியைச் சிறை வாசலில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். அதே ஆளோடு வருடக்கணக்காக நாளைக் கழிப்பவர் சிறைக் காவலர். செல்போனை வெளியே வைத்துவிட்டு உள்ளே போனால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்ற செய்திகூட டூட்டி முடிந்துதான் தெரியும்.

சிறையில் மரணம் நேர்ந்தால் சட்டப்படி நீதித்துறை நடுவர் விசாரணை உண்டு. வேண்டியதுதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் வாக்குமூலம், விளக்கம் கேட்டு மெமோ எல்லாம் முடிந்தும், “நீ தூங்கினாயா?” என்று இவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103-வது பிரிவு மனநோயுள்ள சிறைவாசிகளைப் பற்றிப் பேசுகிறது. நல்லது. மத்தியச் சிறைகளில் உளவியலாளரும் இருக்கிறார். அவர் அறைக்குச் சிறைவாசியை அழைத்துப்போய்விட்டு வாசலில் நிற்கிறாரே காவலர், அவர் எப்போது உள்ளே போவது?

ஆறு சிறைவாசிகளுக்கு ஒரு காவலர் என்கிறது மாதிரிச் சிறைக் கையேடு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையைப் பாருங்கள்: நாடு முழுக்கச் சிறைகளில் கொள்ளளவைப்போல் 131 சதவீதம் பேர், பணியிடங்களில் பத்துக்கு மூன்று காலி. மிச்சம் இருப்பவர்கள்தான் லீவு கிடைக்காமல் இரட்டை டூட்டி பார்க்கிறார்கள். இதற்கு மருந்தாக ஒருநாள் யோகா முகாம், குரூப் போட்டோ! யோகா மேல் எனக்குப் பகை இல்லை. இரவுப் பாரா முடித்துவந்தவரை எழுப்பிவந்து உட்கார வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

அதிகாரிகளுக்கு: மரணமோ தாக்குதலோ நடந்தால், அங்கே இருந்தவருக்கு மறுநாள் அதே பிளாக்கைப் போடாதீர்கள். எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து நடந்ததை விவரிக்கச் சொல்வதும் வேண்டாம். அப்படிக் கட்டாயப்படுத்துவதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. தனியாகக் கூப்பிட்டு விசாரியுங்கள், வீட்டுக்கு அனுப்புங்கள், ஒரு மாதம் கழித்து மறுபடி விசாரியுங்கள். “சாகலாம்போல இருக்கு” என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே ஆயுதப் பணியிலிருந்து மாற்றுங்கள், தண்டனையாகத் தெரியாதபடி. தனியாக விடாமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

காவலர்களுக்கு: தூங்குவதற்காகக் குடிக்காதீர்கள். சீக்கிரம் கண்ணயரும், மூன்று மணிக்கு விழிப்புத் தட்டும். தினமும் குடிப்பவர் வீம்புக்கு ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம், வலிப்பு வரலாம். மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள். சக ஊழியர் கொடுத்தார் என்று தூக்க மாத்திரை போடுவது இன்னும் மோசம். “லீவு சர்டிபிகேட்ல வயித்துவலின்னு எழுதிடுங்க” என்று தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள். உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் கடமையை அதே 2017 சட்டம் (பிரிவு 23) எங்கள் மேல் சுமத்தியிருக்கிறது. பயம் இருந்தால் முதலில் அதைப் பற்றியே பேசுவோம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள். அவர் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் ‘ஜெயில் புத்தி’ என்று குத்திக்காட்டாதீர்கள், அம்மா. அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416. இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அவர் பேச மறுத்தால் நீங்கள் பேசுங்கள்.