கடலும் மழையும் வேலையை நிறுத்தும்போது: அடிப்படை வருமானம் எப்படி உதவும்?

குமரி மாவட்டத்துக்கு மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. சின்னமுட்டம் விசைப்படகுகள் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கரையில் நிற்கும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கரைக் கணக்கு. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதே ஜூனில் மலையோரத்தில் மழை வலுத்தால் ரப்பர் பால்வெட்டும் தடைபடும். வருமானம் குறைவு என்பதைவிட, அது சீராக வராததே இங்கே பெரிய துன்பம்.

தடைக்காலத்தில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், பிறகு மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க நேரும். வட்டி என்று எதுவும் எழுதாவிட்டாலும் விலையில் அது கழிந்துவிடும். அடிப்படை வருமானமாக, நிபந்தனையின்றி ஆளுக்கொரு தொகை மாதாமாதம் வந்தால் படகுக் கடன் தீராது. ஆனால் அரிசிக்கும் மருந்துக்கும் வாங்கும் சிறு கடன் குறையும். மீனை யாருக்கு விற்பது என்ற உரிமையும் கொஞ்சம் மீளும். இதைத்தான் நான் முதல் நன்மையாகக் கருதுகிறேன்.

கையில் காசு வந்தால் உழைப்பு குறையும் என்ற அச்சத்துக்குச் சான்று வலுவாக இல்லை. மத்தியப் பிரதேசக் கிராமங்களில் 2011-12இல் பெண் தொழிலாளர்களின் சங்கமான சேவா, யுனிசெஃப் உதவியுடன் பெரியவருக்கு மாதம் 200, குழந்தைக்கு 100 ரூபாய் கொடுத்துப் பார்த்தது; பின்னர் அது 300, 150 ஆனது. சொந்த நிலத்தில் உழைப்பது அங்கே கூடியது.

கடினமான பகுதி செலவு. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகை சுமார் 18.7 லட்சம். ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2,244 கோடி, இந்த ஒரு மாவட்டத்துக்கு மட்டும். அதனால்தான் அரசுகள் வடிகட்டுகின்றன. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்தார்கள். அந்தக் கோட்டுக்கு மேல் வருமானம் ஆயிரம் ரூபாய் கூடினாலும், மாதம் 1,000 என்று ஆண்டுக்கு வரும் 12,000 போய்விடும். ஒரு மாதம் அள்ளி, மறுமாதம் வெறுங்கையோடு திரும்பும் மீனவருக்கு எந்த ஆண்டை வைத்து வருமானத்தை அளப்பது?

ரேஷனை நிறுத்திவிட்டுப் பணமாகக் கொடுக்கலாம் என்ற யோசனையை ஏற்கவே கூடாது. விலை ஏறினாலும் 20 கிலோ அரிசி 20 கிலோதான். 1,000 ரூபாயோ, ஆண்டுக்கு 5 சதவீத விலையேற்றத்தில் ஐந்தே ஆண்டில் 780 ரூபாய் அளவுக்கு இளைத்துவிடும்.

கடைசித் தடங்கல் வங்கியில். ஆதார் வழியாக அனுப்பும் பணம், ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்கே போகும். வரவில்லை என்றால் முதலில் பழைய பாஸ்புக்குகளைத் தேடி எடுத்து, எந்த வங்கியில் இணைப்பு இருக்கிறது என்று பாருங்கள்.