கிருபை என்றால் இரக்கம் மட்டும்தானா?

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கோம்" என்று பதில் வரும். அதே வாய்தான் திங்கட்கிழமை வண்டி பஞ்சரானதும் "காலையில ஜெபிக்காம கிளம்பினேன், அதான்" என்கிறது. நானும் பல வருஷம் அப்படியே வாழ்ந்தேன். உபவாசம் இருந்த வாரம் தேவன் பக்கத்தில் இருப்பதாகவும், வேதம் வாசிக்காத வாரம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் நினைப்பேன். கிருபை என்ற சொல்லை நான் அரைகுறையாகப் புரிந்துகொண்டதும் இதற்கு ஒரு காரணம்.

கிருபை வடசொல். 'க்ருபா' என்றால் பரிதாபம், மனவிரக்கம். வேதத்தில் கிருபைக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் 'கிரியை'யும் வடசொல்தான், 'செய்தல்' என்று பொருள். காதில் விழும்போது அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் இரண்டுக்கும் வேர் வேறு.

கிருபை என்று நாம் வாசிக்கும் இடத்தில் அப்போஸ்தலன் பவுல் தன் நிருபங்களில் (கடிதங்களில்) எழுதியது 'காரிஸ்' என்ற கிரேக்கச் சொல். மகிழ்ச்சியைக் குறிக்கும் 'காரா'வும் வரத்தைக் குறிக்கும் 'காரிஸ்மா'வும் அதற்குச் சொந்தக்காரச் சொற்கள். ஆகவே பரிதாபப்படுவதோடு அது நிற்பதில்லை, மனமகிழ்ந்து சும்மா கொடுப்பது வரைக்கும் போகிறது. ரோமர் 4:4 இதைக் கணக்கு வழக்காகவே சொல்கிறது: வேலை செய்கிறவனுக்கு வரும் கூலி கிருபை அல்ல, கடன். மாசக் கடைசியில் சம்பளம் கைக்கு வந்தால் முதலாளி தயவு காட்டினார் என்று யாராவது சொல்வோமா? எபேசியர் 2:8 இதற்கு வைக்கும் பெயர் 'ஈவு'. எவ்வளவு அழகான தமிழ்ச் சொல், ஆனால் அந்த வசனத்தை ஒப்பிக்கும்போது நாம் அதில் நிற்பதே இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. 136ஆம் சங்கீதத்தில் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று வருவது எபிரெயுவில் 'ஹெசெட்', அதாவது உடன்படிக்கையை விட்டு விலகாத அன்பு. காரிஸ், ஹெசெட் என்ற இரண்டு மூலச் சொற்களையும் நம் பழைய திருப்புதல் (சபைகளில் வாசிக்கும் பழைய வேத மொழிபெயர்ப்பு) ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கிறது.

கத்தோலிக்கர் மரியாளை வாழ்த்தும் பழைய மங்கள வார்த்தை ஜெபத்தில் இதை 'பிரியதத்தம்' என்றார்கள். பிரியத்தோடு கொடுக்கப்பட்டது என்று பொருள். வடசொல்லானாலும் காரிஸுக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது! அப்புறம் அதுவே "அருள் நிறைந்த மரியே" ஆனது. 1995இல் வந்த வேதாகமப் பொது மொழிபெயர்ப்பிலும் அருள்தான்.

சரியான தமிழ்ச் சொல்லும் அருள்தான் என்பேன். திருக்குறளின் அருளுடைமை அதிகாரத்துக்கு உரை எழுதிய பரிமேலழகர், தொடர்பு எதையும் பார்க்காமல் எல்லா உயிர்மேலும் இயல்பாகச் செல்லும் கருணை என்று அதை விளக்குகிறார். அவர் கிறிஸ்தவர் இல்லை, ஆனாலும் அந்த 'தொடர்பு பார்க்காமல்' என்ற இடத்தில் எனக்கு ரோமர் நிருபம்தான் ஞாபகம் வந்தது. அன்பு சொந்தத்தைத் தேடிப் போகும், அருள் சொந்தமில்லாதவனையும் தேடிப் போகும்.

கிருபையை நீக்கச் சொல்லவில்லை, அது நம் பாட்டி தாத்தாக்கள் கண்ணீரோடு சொன்ன சொல். ஆனால் அருளுக்கு ஒரு வசதி உண்டு, அது வினையாகவும் வரும். கிருபையைச் 'செய்ய' வேண்டும், 'பாராட்ட' வேண்டும். அருள் தானாகவே அருளும். "என் விண்ணப்பத்தைக் கேட்டருளும்" என்கிறது 4ஆம் சங்கீதம். ஜெபிக்காமல் கிளம்பிய காலைகளில் இப்போது பஸ்ஸில் நின்றபடியே அந்த ஒரு வரியைச் சொல்கிறேன், பயமில்லாமல்.