விசாரணைக் கமிஷனில் வந்தது கோர்ட்டில் நிற்குமா?

கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்கு என்னைத் தேடி வருகிறவர்கள் தங்கள் வழக்குப் பேச்சு முடிந்த கையோடு இதையும் கேட்பார்கள்: "கமிஷன்ல எல்லாம் வெளிய வந்திச்சே சேர், பிறகும் ஏன் ஆள உள்ளுக்குப் போடயில்ல?"

இலங்கை மத்திய வங்கியின் பிணைமுறி (அரசு கடன் வாங்க விற்கும் பத்திரம்) விவகாரத்தையே எடுப்போம். 2015 பெப்ரவரி 27 ஏலத்துக்கு அறிவித்த தொகை 1 பில்லியன் ரூபா. ஏற்றுக்கொண்டதோ 10 பில்லியனுக்கும் மேல். இதை விசாரிக்க 2017 ஜனவரியில் நியமிக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவில், அதாவது கமிஷனில், சாட்சிகளை நெறிப்படுத்தியவர்கள் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபரின் திணைக்களத்துச் சட்டத்தரணிகள். அவர்களில் ஒருவரான தப்புல டி லிவேரா, வெளிவிவகார அமைச்சராக இருந்த ரவி கருணாநாயக்கவிடம் அந்த ஏலத்தில் பிணைமுறி வாங்கிய நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள் கட்டியதாகச் சொல்லப்பட்ட, அவர் குடியிருந்த சொகுசு மாடிவீட்டு வாடகையைப் பற்றிக் குடைந்து குடைந்து கேட்டார். பணம் கட்டியது யாரென்று தனக்குத் தெரியாது என்றார் அமைச்சர். அந்த ஆகஸ்டிலேயே பதவி விலகினார்.

அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர் அமைச்சரையே கேள்வி கேட்கிறாரே என்று நாடே வியந்தது. எனக்கு வியப்பு அதில் இல்லை. முதனிலை வணிகர் (மத்திய வங்கி ஏலங்களில் நேரடியாகப் பங்கெடுக்க அனுமதி பெற்றவர்) ஆன அந்த நிறுவனத்தின் தொலைபேசி உரையாடல் பதிவுகளைத் தேடிப் பிடித்துச் சாட்சியமாக்கினார்களே, கஷ்டமான வேலை அதுதான். பத்திரிகைக்குத் தலைப்பாக வந்தது என்னவோ வாடகைதான்!

இனி, கேட்ட கேள்விக்கு வருவோம். ஆணைக்குழுக்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. சாதாரண வழக்கில் ஏற்க முடியாத சாட்சியத்தையும் அவை ஏற்கலாம். அதனால்தான் அங்கே இவ்வளவு வெளிவருகிறது. ஆனால் ஆணைக்குழு அறிக்கை தீர்ப்பு ஆகாது. அதில் சேர்ந்ததை வைத்துச் சட்டமா அதிபர் வழக்குத் தொடுக்கலாம், 2008 திருத்தம் அதற்கு இடம் தருகிறது. தொடுத்தாலும் பாரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் மேல் நீதிமன்றத்தில் சாட்சியச் சட்டப்படி எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒவ்வொரு தாளையும் பிரித்து மேய்வார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அரசுக்கு ஆலோசனை சொல்வதும் குற்றப்பத்திரம் தாக்கல் செய்வதும் ஒரே திணைக்களம். தனி வழக்குத்தொடுநர் அலுவலகம் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதுதான் என்பது என் கருத்து.

வங்கியிலோ கம்பெனியிலோ வேலை செய்யும் உங்களுக்கு ஆணைக்குழு அழைப்பாணை வந்தால் மேலதிகாரி சொன்னார் என்று போகாமல் இருக்காதீர்கள். அது உயர் நீதிமன்றம் வரை போய்த் தண்டனையில் முடியலாம். ஃபோனில் ஒன்றையும் அழிக்காதீர்கள். மூலப் பத்திரங்களைக் கொடுத்தால் கைச்சாத்துடன் பற்றுச்சீட்டு வாங்குங்கள், ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள்.