டெலிபிரிண்டர்: தொலையச்சு

குளிரில் பற்கள் கிடுகிடுத்தால் ‘பல் தந்தியடிக்குது’ என்கிறோம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் இருட்டோடு பெரட்டுக்கு (வேலைக்கு முன் பேர் கூப்பிடும் இடத்துக்கு) போய் நின்றவர்களுக்கு அந்தக் குளிர் தெரியும். பட்டணத்து அலுவலகம் ஒன்றின் ஜன்னலோரம் சிறுவயதில் நான் கேட்ட சத்தம் வேறு. தகரக் கூரையில் மழை பிடித்த மாதிரி விடாமல் கொட்டும். தூரத்திலிருந்து கம்பி வழியே வரும் செய்தியைத் தானாகவே தாளில் அடிக்கும் இயந்திரம் அது. கிராணி (அலுவலக எழுத்தர்) அதை ‘டெலிபிரிண்டர்’ என்பார், தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்தில் ‘தந்தி மிஷின்’.

தந்தி என்றால் முதலில் வீணை நரம்பு, கம்பி. கம்பியில் போனதால் செய்திக்கும் அதுவே பெயராயிற்று. மோர்ஸ் தந்தியில் புள்ளியும் கோடுமாக வரும் சத்தத்தைக் கேட்டு எழுத ஓர் ஆள் வேண்டும். டெலிபிரிண்டரில் ஆள் தூங்கிப் போனாலும் தாள் நிறைந்துகொண்டிருக்கும். அதனால் ‘தந்தி மிஷின்’ பாதிதான் சரி.

‘டெலி’ கிரேக்கம், தொலைவு என்று பொருள். ‘பிரிண்ட்’ என்பதன் வேர், அழுத்துவதைக் குறிக்கும் லத்தீன் சொல். ‘டெலிடைப்’ என்பது அமெரிக்க நிறுவனம் ஒன்றின் வணிகப் பெயர். இங்கிலாந்தில் குரோய்டனில் இருந்த கிரீட் நிறுவனமும் இந்த இயந்திரங்களைச் செய்தது. ‘டெலெக்ஸ்’ என்றும் ஒரு பெயர் உண்டு. அது இயந்திரத்தின் பெயர் அல்ல, இந்த இயந்திரங்களை இணைத்த வலையமைப்பின் பெயர். பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்புவார்கள்.

சத்தத்துக்கு வருவோம். செய்தி வராதபோதும் மோட்டார் உறுமிக்கொண்டே இருக்கும். கம்பியில் எழுத்தின் தொடக்கத்தைச் சொல்லும் மின்துடிப்பு வந்ததும் பிடி விடுபட்டு அச்சுத்தண்டு ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும். அந்த ஒரு சுற்றுக்குள் ஐந்து துடிப்புகளைப் படித்து ஓர் எழுத்தை அடித்துவிடும். 50 பாட் வேகத்தில் ஓர் எழுத்துக்கு 150 மில்லிசெகண்ட், நிமிடத்துக்கு 400 எழுத்து. (பாட் என்ற துடிப்பு வேக அளவு, ஐந்து துடிப்புக் குறியீட்டை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் எமில் போதோவின் பெயரால் வந்தது.) வரி முடிந்தால், வரியோடு நகர்ந்துபோன வண்டி (கேரியேஜ்) ‘டக்’கென்று தொடக்கத்துக்குத் திரும்பும். ஓர் எழுத்து நேரத்தில் அதனால் திரும்பி வர முடியாது, அதனால்தான் முதலில் வண்டியைத் திருப்பும் குறி, அப்புறம் தாளை ஏற்றும் குறி. அவசரச் செய்தி என்றால் மணியும் அடிக்கும்.

ஐந்து துடிப்பில் 32 சேர்க்கைதான். எழுத்துக்கும் எண்ணுக்கும் அது பற்றாது. எண் பக்கம் மாறு என்று ஒரு குறி அனுப்பிய பிறகே எண்கள் விழும். அந்தக் குறி வழியில் கெட்டுவிட்டால் 150 என்ற ரப்பர் விலை ‘க்யூ, டி, பி’ என்று வந்து நிற்கும். விலை தொலைந்தது!

இன்னொரு வேடிக்கை. ‘நீ யார்?’ என்ற குறி வந்தால் எதிர்முனை இயந்திரம் தானாகவே தன் அடையாளத்தை அடித்து அனுப்பும். பெரட்டில் பேர் கூப்பிடுவது போலத்தான், ஆள் மட்டும் இல்லை.

தமிழில் ‘தொலைஎழுதி’, ‘தொலைத்தட்டச்சு’ என்றும் சொல்லலாம். ஆனால் இது எழுதுவதில்லை, அடிக்கிறது. செய்தியை வாங்க மட்டும் வைத்திருந்த இயந்திரங்களில் தட்டும் விசைகளே இராது. என் ஓட்டு ‘தொலையச்சு’க்குத்தான். அச்சு என்றால் பதிப்பது, வண்டியின் இருசும் அதுவே. சுழலும் தண்டும் விழும் எழுத்தும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. இயந்திரத்தைத் தொலையச்சுப்பொறி என்றும், அதில் வந்த செய்தியைத் தொலையச்சு என்றும் சொல்லலாம். டெலெக்ஸை அப்படியே விட்டுவிடுவோம்.