செல்ஃப் எஃபிகசி: தன்திறன் நம்பிக்கை

கால்-கை வலிப்பு உள்ளவரிடம் “தன்னம்பிக்கையோடு இருங்க” என்கிறோம். எதில் நம்பிக்கை? கல்யாண வீட்டிலும் எட்டு மணி மாத்திரையைத் தவறாமல் போடுவதிலா, ராத்திரி தூங்காமல் கண்விழிக்கச் சொன்னால் மறுப்பதிலா? இந்த ‘எதில்’ என்பதையும் உள்ளடக்கிய சொல்தான் செல்ஃப் எஃபிகசி.

எஃபிகசியின் இலத்தீன் வேருக்குச் ‘செய்து முடித்தல்’ என்று பொருள். உளவியலாளர் ஆல்பர்ட் பந்தூரா 1977-இல் இதைக் கோட்பாடாக வளர்த்தார்: குறிப்பிட்ட ஒரு செயலை என்னால் செய்து முடிக்க முடியும் என்ற நம்பிக்கை.

தமிழில் ‘தன்னம்பிக்கை’ பொருந்தாது. அது ஆளின் பொது இயல்பு. குறளின் 67-ஆம் அதிகாரத் தலைப்பான ‘வினைத்திட்பம்’ அழகான சொல். ஆனால் அது மனஉறுதி. ‘என்னால் முடியுமா’ என்ற கணிப்பு அதில் இல்லை. ‘தன்திறன் நம்பிக்கை’ என்பதே சரி.

வலிப்புக்கென்றே கொலீன் டியோரியோ உருவாக்கிய அளவுகோலில் 33 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். மாத்திரையைத் தவறாமல் போடுவதற்கு 10 தருபவர், நேரத்துக்குத் தூங்குவதற்கு 3 தரலாம். உதவி வேண்டியது அந்த 3 தந்த இடத்தில்தான்.

இந்த நம்பிக்கை அறிவுரையால் வளர்வதைவிட, செய்து பார்த்து வளர்வதே அதிகம். ஏழு நாள் மாத்திரைப் பெட்டி, கைப்பேசி அலாரம், தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்த மாத்திரை வாங்குவது. ஒருவேளை விட்டுப்போனால் என்ன செய்வது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கவேண்டும். பெரும்பாலும் நினைவு வந்ததும் போடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடலாம், இரட்டிப்பாகப் போடக்கூடாது. வீட்டாருக்குச் சொல்லிவைப்பதும் இதில் சேரும்: வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து மணி பார்க்கணும், ஐந்து நிமிடம் தாண்டினால் 108. இரும்புச் சாவி வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம்.

“ரெண்டு வருஷமா வரலையே” என்று தானாக மாத்திரையை நிறுத்துவது தன்திறன் நம்பிக்கை ஆகாது. திடீரென நிறுத்தினால் நிற்காத வலிப்பே வரக்கூடும். “இனி வலிப்பே வரவிட மாட்டேன்” என்பதும் ஆகாது. எல்லாம் சரியாகச் செய்தும் சிலருக்கு வலிப்பு வரும். அதை அவர் தோல்வியாக எண்ணும்படி இந்தச் சொல்லை யாரும் பயன்படுத்தக்கூடாது.