மோடம், ஃபேக்ஸ், இணக்கி: கார்டு வாங்குறதுக்கு முன்னாடி சொல்லைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க

வீட்டு கம்ப்யூட்டருக்குள்ளயே மாட்டுற மாதிரி விலை கம்மியா ஒரு ஃபேக்ஸ் மோடம் வேணும், எதை வாங்கலாம்னு யாராவது கேட்டா, மோடம்ங்கிற சொல்லுக்கு என்ன அர்த்தம் தெரியுமான்னுதான் நான் மொதல்ல திருப்பிக் கேப்பேன். சுத்தி வளைக்கிறேன்னு நினைக்காதீங்க, பார்க்க ஒரே மாதிரி இருக்கற ரெண்டு கார்டுல ஒண்ணு ஏன் அவ்வளவு மலிவுங்கிறதுக்கு பதில் அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு.

மோடம்ங்கிறது ரெண்டு சொல்லை வெட்டி ஒட்டினது. மாடுலேட்டர்ல பாதி, டீமாடுலேட்டர்ல பாதி. இதுக்கு மூலம் லத்தீன், ஓசையை அளவுபடுத்தி இசைக்கறதைக் குறிச்ச சொல். தமிழ்ல மாடுலேஷனுக்கு பண்பேற்றம், டீமாடுலேஷனுக்கு பண்பிறக்கம், தமிழ்ல இயற்பியல் படிச்சவங்களுக்கு பழகின சொற்கள்தான். எனக்கு ரொம்பப் பிடிச்ச சொற்கள் கூட, ஏன்னா டெலிபோன் லைன் மனுஷக் குரலுக்காக போட்டது, சுமாரா 300 ஹெர்ட்ஸ்ல இருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் அதுல போகும், கம்ப்யூட்டரோட பூஜ்யமும் ஒண்ணும் அப்படியே அதுல போகாது, அதனால ஒரு ஓசை மேல சேதியை ஏத்தி அனுப்பி அந்தப் பக்கம் இறக்கிக்கணும். ஏத்துறது, இறக்குறது, சரக்கு லாரி மாதிரி, அவ்வளவுதான்.

ஃபேக்ஸ் என்பதும் லத்தீன்ல இருந்து வந்ததுதான், ஃபேக்சிமிலியோட சுருக்கம், 'அதே மாதிரி செய்'னு பொருள். டெலிபோனுக்கு பிறகு வந்தது ஃபேக்ஸ்னு பலபேர் நினைக்கறாங்க, ஆனா அலெக்சாண்டர் பெய்ன் தந்திக் கம்பி வழியா படம் அனுப்புற முறைக்கு காப்புரிமை வாங்கினது 1843ல, கிரகாம் பெல்லோட டெலிபோன் காப்புரிமை 1876. தமிழ்ல தொலைநகல்னு சொல்றோம், லெட்டர்ஹெட்ல எல்லாம் வந்து நிலைச்சுப் போன சொல். அதுல இருக்கற நகல் உருது வழியா வந்த அரபுச் சொல், நம்மகிட்ட 'படி'னு ஒரு நல்ல சொல் இருக்கு, படி எடுக்கறதுன்னு இன்னமும் சொல்றோம்ல, தொலைப்படின்னு வச்சிருந்தா அழகா இருந்திருக்கும்னு எனக்கு ஒரு ஆசை. ஆனா நிலைச்ச சொல்லைக் கலைக்க வேண்டாம்.

சரி, மோடமுக்கு தமிழ் என்ன? கலைச்சொல் பட்டியல்கள்ல இணக்கின்னு இருக்கும். ரொம்ப நாளா எனக்கு இது பிடிக்கல, ஏத்துறதும் இல்ல இறக்குறதும் இல்ல, என்ன சொல்லு இதுன்னு நினைச்சேன். அப்புறம் ஒரு நாள் ஸ்பீக்கரை ஆன் பண்ணி வச்சிட்டு ஃபேக்ஸ் போறதை முழுசா கேட்டேன். கூப்பிடற பக்கம் 1100 ஹெர்ட்ஸ்ல அரை செகண்ட் ஒரு பீப், மூணு செகண்ட் சும்மா, திரும்ப பீப். எடுத்த பக்கம் 2100 ஹெர்ட்ஸ்ல நீளமா ஒரு விசில். அதுக்கப்புறம் ரெண்டும் செகண்டுக்கு 300 பிட் வேகத்துல மெதுவா, எனக்கு இதெல்லாம் வரும், உனக்கு எது வரும்னு பேசிக்குது. 14,400ல ஒரு ஒத்திகை, லைன்ல இரைச்சல் இருந்தா 12,000, அதுவும் சரிப்படலன்னா 9,600ன்னு இறங்கி ஒத்துக்கற வேகத்துலதான் பக்கம் போக ஆரம்பிக்குது. இணங்கிப் போறது இதுதானே! அதுல இருந்து பேருக்கு இணக்கி, வேலையைப் புரிஞ்சுக்க பண்பேற்றம் பண்பிறக்கம்னு ரெண்டையும் வச்சுக்கிட்டேன்.

இப்ப கார்டுக்கு வர்றேன். உள்ளமை இணக்கி, அதாவது இன்டர்னல் மோடம் வாங்குறப்ப கேக்க வேண்டியது ஒரே கேள்வி, ஏத்துறதும் இறக்குறதும் யாரு வேலை? முழு மோடமா இருந்தா கார்டுலயே அதுக்குன்னு சிப் இருக்கும், லைனோட பேரம் பேசற கன்ட்ரோலரும் கார்டுலயே இருக்கும். கொஞ்சம் மலிவானதுல கன்ட்ரோலர் வேலை கம்ப்யூட்டர் தலைல. ரொம்ப மலிவான சாஃப்ட் மோடம்ல ரெண்டு வேலையும் உங்க பிராசஸர்தான் செய்யுது, கார்டுல இருக்கறது லைனைத் தொடற பகுதி மட்டும்தான், பாதி போர்டு காலியா கிடக்கும். பெட்டி மேல விண்டோஸ் மட்டும்னு போட்டு, குறைஞ்சபட்சம் இந்த வேக பிராசஸர் வேணும்னும் எழுதியிருந்தா அது பெரும்பாலும் இந்த வகைதான். மோசம்னு சொல்லல, டிரைவர், அதாவது கார்டை இயக்குற சாஃப்ட்வேர், கிடைக்கற வரைக்கும் ஓடும், ஆனா லினக்ஸுக்கோ புது விண்டோஸுக்கோ மாறினா டிரைவர் இல்லாம கார்டு வெறும் தகடாயிடும்.

ஃபேக்ஸுக்கு மட்டும்னா 56கேங்கிற எண்ணுக்காக கூட காசு குடுக்காதீங்க, அது டேட்டா இறங்குற வேகம், சாதாரண ஃபேக்ஸ் வி.17ங்கிற ஃபேக்ஸ் தர அளவுல 14,400தான். அதை விட கிளாஸ் என்னன்னு பாருங்க, ஃபேக்ஸ் வேலையை கார்டும் கம்ப்யூட்டரும் எப்படிப் பிரிச்சுக்குதுங்கற வகை அது. கிளாஸ் 1ல அந்த பேரம் முழுக்க கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் நடத்தணும், நேரம் கொஞ்சம் தப்பினாலும் இணைப்பு அறுந்துடும், கிளாஸ் 2, 2.0ல பெரும்பகுதி கார்டே பார்த்துக்கும். ரெண்டும் இருக்கற கார்டு கிடைச்சா எடுத்துக்கலாம். மதர்போர்டுல பிசிஐ ஸ்லாட், அதாவது இந்தக் கார்டைச் சொருகற இடம், இருக்கான்னு கேஸைத் திறந்து பார்த்துட்டே போங்க, இப்ப நிறைய போர்டுல அது இல்ல. லைனும் பழைய காப்பர் லைனா இருந்தா நல்லது, இன்டர்நெட் வழியா போற போன்ல குரலை அமுக்கி அனுப்பறப்ப ஃபேக்ஸ் ஓசை சிதைஞ்சுடும். தாள்ல இருக்கறதை அனுப்பணும்னா ஸ்கேனர் தனியா வேணும், வர்ற ஃபேக்ஸை வாங்கணும்னா கம்ப்யூட்டர் ஆன்லயே இருக்கணும்.

கார்டு பின்னாடி ஒரே மாதிரி ரெண்டு ஓட்டை இருக்கும், லைன்னு ஒண்ணு, ஃபோன்னு ஒண்ணு. சுவத்துல இருந்து வர்ற வயர் லைன்லதான் போகணும். எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க டயல் டோன் இல்லன்னே வந்துட்டு இருந்துச்சு, டிரைவரை மூணு தடவை ஏத்தி இறக்கிப் பார்த்தேன், கடைசில வயரை மாத்திச் சொருகினதும் அந்த 2100 ஹெர்ட்ஸ் விசில் கேட்டுச்சு.